சிறுமலை அடிவாரத்தை மேஜைமேல் அமைக்கலாம்

நவராத்திரி வந்தால் நம் வீடுகளில் கொலுப்படிக்குப் பக்கத்தில் 'பார்க்' போடும் வழக்கம் உண்டு. கேழ்வரகும் கடுகும் முளைக்கவிட்டுப் புல்வெளியாக்கி, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, சுற்றிலும் சாவி கொடுத்த ரயில் ஒன்றை ஓடவிடுவார்கள். கொலு பார்க்க வந்தவர்கள் பொம்மைகளைப் பார்த்த நேரத்தைவிட அந்த ரயிலைப் பார்த்த நேரம்தான் அதிகமாக இருக்கும். இதே வேலையை அளவு தவறாமல், உண்மை ரயில்பாதை போலவே செய்வதற்கு 'மாடல் ரயில்வே' என்று பெயர். மேல்நாடுகளில் இது பெரியவர்களின் பொழுதுபோக்கு மட்டுமல்ல, பெரிய வியாபாரமும்கூட. நம் திண்டுக்கல் வணிகர்கள் நான்கு பேர் சேர்ந்தால் இதை இங்கேயே செய்ய முடியும் என்பது நமது எண்ணம். அதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறோம்.

முதலில் வியாபாரக் கதை. ஜெர்மனியில் கோப்பிங்கன் என்ற ஊரில் 1859இல் தொடங்கிய மார்க்ளின் நிறுவனம் ஆரம்பத்தில் செய்தது பொம்மை வீட்டுக்கான தகரச் சாமான்கள். நம் ஊர்ச் சொப்புச் சாமான் மாதிரிதான். 1891இல் லைப்சிக் சந்தையில் அவர்கள் சாவி கொடுத்து ஓட்டும் ரயில் ஒன்றை வைத்தார்கள். ரயில் பொம்மை அதற்கு முன்பே உண்டு. இவர்கள் செய்த புதுமை, தண்டவாளத்தைத் துண்டு துண்டாக, ஒரே அளவில், தனியாக விற்றது. இந்த வருஷம் ஒரு வட்டம் வாங்கிய வீட்டுக்காரர், அடுத்த வருஷம் கிளைப்பாதை வாங்குவார். அதற்கடுத்த வருஷம் ஸ்டேஷன், பெட்டி, பாலம். ஒருமுறை வாங்கியவரைக் காலமெல்லாம் கடைக்கு வரவழைக்கும் சரக்கு இது. அந்த நிறுவனமே 2009இல் திவால் மனு கொடுக்க நேர்ந்ததும், 2013இல் வேறொரு பொம்மை வியாபாரக் குடும்பம் அதை வாங்கித் தொடர்ந்து நடத்தியதும் இந்தக் கதையின் மறுபக்கம்.

ஜெர்மனியிலேயே ஹாம்பர்க் துறைமுகத்தில் ஸ்பைக்கர்ஷ்டாட் என்ற கிடங்குப் பகுதி இருக்கிறது. காப்பி, தேயிலை, மசாலாச் சரக்கு, கம்பளம் எல்லாம் இறக்கி அடுக்கிய பழைய செங்கல் கிடங்குகள். கப்பல் சரக்கு பெட்டகங்களுக்கு மாறிய பிறகு அந்தக் கிடங்குகளுக்கு வேலை குறைந்தது. 2001 ஆகஸ்டில், ஃபிரடெரிக் பிரவுன், கெரிட் பிரவுன் என்ற இரட்டைச் சகோதரர்கள் அதில் ஒரு கிடங்கில் 'மினியேச்சர் வுண்டர்லாண்ட்' என்ற மாடல் ரயில் அமைப்பைத் திறந்தார்கள். உலகிலேயே மிகப் பெரியது என்று பெயரெடுத்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ரயில்கள், ஓடுபாதையில் ஏறி இறங்கும் விமானங்களோடு ஒரு விமான நிலையம், பகல் இரவாக மாறும் விளக்குகள். இதுவரை 2 கோடிப் பேருக்கு மேல் டிக்கெட் வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். மிளகும் காப்பிக்கொட்டையும் இருந்த கிடங்கு இப்படிப் பிழைத்துக்கொண்டது.

அவ்வளவு தூரம் போவானேன். மராட்டிய மாநிலம் புனே நகரில், கர்வே சாலையில் பாவ்சாகேப் ஜோஷி என்பவர் இதைச் செய்து காட்டியிருக்கிறார். தொழில் நடத்தியவர்தான். 1980களில், பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்க் கூட்டத்துக்குக் காட்டும் விதமாக ஓர் அமைப்பைச் செய்து கண்காட்சிகள் நடத்தினார். பிறகு நிலையான கட்டடத்தில் 1998 ஏப்ரல் 1ஆம் தேதி அதை அருங்காட்சியகமாகத் திறந்தார். ஊர், மலை, நெடுஞ்சாலை, கயிற்றுப் பாதை, சர்க்கஸ் கூடாரம் என்று எல்லாம் ஒரு கூடத்துக்குள் அடங்கியிருக்கின்றன. அரசாங்க மானியத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் அது நடந்திருக்காது.

சரி, நமது ஊரில் செய்தால் எந்த இடத்தைச் செய்வது? திண்டுக்கல்லிலிருந்து மதுரை நோக்கிப் போகும்போது, அம்பாத்துரை, கொடைக்கானல் ரோடு வரையில் இடது கைப்பக்கம் சிறுமலை கூடவே வரும். அந்த அடிவாரத்தைவிட நல்ல காட்சி தேட வேண்டியதில்லை. பச்சை மலை, செம்மண், புளியமரம், பனைமரம், சிறு ஸ்டேஷன், பக்கத்தில் சரக்குக் கொட்டகை. இவை போதும்.

ஆனால் அளவு என்று வந்தால் கணக்குப் பார்க்க வேண்டும். உலகமெங்கும் அதிகம் பேர் கையாளும் அளவு 'ஹெச்ஓ'. உண்மைப் பொருளின் 87இல் ஒரு பங்கு. நமது ஐ.சி.எஃப். பெட்டி 21.3 மீட்டர் நீளம், அது 24.5 சென்டிமீட்டராகிறது. 20 பெட்டி கோத்தால் ஏறக்குறைய 5 மீட்டர். கல்யாண மண்டபம்தான் பிடிக்க வேண்டும். ஆகவே ஐந்து பெட்டியோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். பார்ப்பவர்கள் எண்ணுவதில்லை. மலைக்குக் கணக்குப் போட்டால் இன்னும் வேடிக்கை. ஆயிரம் மீட்டர் உயர மலைக்கு 11.5 மீட்டர் உயரம் வேண்டும். மூன்று மாடிக்கு மேல்! இதனால்தான் மலையைக் கட்டுவதில்லை, வரைகிறார்கள். பின்னால் ஒரு பலகையில் வானமும் மலை முகடும் எழுதி, அதன் முன்னே தெர்மோகோலில் அடிவாரச் சரிவை மட்டும் ஒன்றிரண்டு அடி உயரத்துக்கு எழுப்பினால் போதும். தூரத்து மலை நீலம் கலந்து வெளுத்திருக்க வேண்டும். கிட்டத்துச் சரிவில்தான் அடர்ந்த பச்சை. மரங்களும் பின்னால் போகப் போகச் சின்னதாக வேண்டும். நாடக சீன் எழுதும் ஓவியருக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை.

தண்டவாளத்தில் ஒரு சிக்கல். கடையில் கிடைக்கும் ஹெச்ஓ தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். நமது அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் 19.3 வருகிறது. எனவே அகலப்பாதையை உள்ளபடி காட்ட முடியாமல் எல்லோரும் விட்டுக்கொடுத்துத்தான் போகிறார்கள். ஆனால் மீட்டர்கேஜ் என்றால் 11.5 மில்லிமீட்டர். சுவிட்சர்லாந்தின் மீட்டர்கேஜ் மலை ரயில்களுக்காக 12 மில்லிமீட்டர் தண்டவாளம் செய்கிறார்கள். அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். பழைய மீட்டர்கேஜ் திண்டுக்கல்லைச் செய்ய நினைப்பவருக்கு இது அதிர்ஷ்டம். நமது ஒய்.பி. எஞ்சினின் மேல்கூட்டை மட்டும் கைவேலையாகவோ, முப்பரிமாண அச்சிலோ செய்துகொள்ள வேண்டியிருக்கும்.

இறக்குமதிச் சரக்கை நம்பி இறங்குபவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. பொம்மைகளுக்கான சுங்கவரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. ரயில் மாடல்களும் அந்தத் தலைப்பின் கீழ்தான் வருகின்றன. ஆகவே எஞ்சினும் தண்டவாளமும் மட்டும் வாங்குவது, மற்றதெல்லாம் உள்ளூரில் செய்வது என்று வைத்துக்கொள்வதே நம் கைக்கு ஏற்றது.

உள்ளூரில் செய்ய என்ன வேண்டும்? ரீப்பர் சட்டம், 12 மில்லிமீட்டர் ப்ளைவுட், தெர்மோகோல், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், ஃபெவிகால், பழைய மோட்டாரிலிருந்து உரித்த செம்புக் கம்பி. கம்பியைக் கட்டாகச் சேர்த்து முறுக்கி மேலே பிரித்துவிட்டால் மரத்தின் கிளை. மிக்ஸியில் அடித்த பஞ்சுத்தூளைப் பச்சைச் சாயத்தில் முக்கி ஒட்டினால் இலை. பலகையின் அகலம் இரண்டரை அடியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் நடுவில் தடம் புரண்ட பெட்டியை எட்டி எடுக்க முடியாது. வளைவு எவ்வளவு அகலமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. நீளப் பெட்டிகளுக்கு இரண்டு அடி ஆரமாவது வேண்டும். ஏற்றம் ஐம்பதுக்கு ஒன்றுக்கு மேல் போனால் எஞ்சின் சக்கரம் வழுக்கும்.

தண்டவாளத்துக்கு அடியில் பரப்பும் ஜல்லி விஷயத்தில் மளிகைக்காரர்களின் கண்ணே சிறந்த அளவுகோல். உண்மை ஜல்லி 50 மில்லிமீட்டர் என்றால் மாடலில் அரை மில்லிமீட்டர் சொச்சம். கசகசா பெரிது. கடுகு அதைவிடப் பெரிது. ரவைதான் சரியான பருமன். அதற்காக ரவையைக் கொட்டிவிட வேண்டாம். வண்டும் எறும்பும் எப்படி வரும் என்று நமக்குத் தெரியாதா? ரவை சல்லடையில் ஆற்று மணலைச் சலித்து அந்தப் பருமனில் எடுத்துக்கொள்ளலாம். மணலையும் செம்மண்ணையும் வாணலியில் வறுத்துவிட்டு, ஒரு காந்தத்தை அதன்மேல் நாலு தடவை ஓட்ட வேண்டும். இரும்புத் துகள் இருந்தால் எஞ்சின் மோட்டாரின் காந்தம் அதை இழுத்துக்கொள்ளும், எஞ்சின் கெட்டுவிடும். பரப்பிய ஜல்லிமேல் முதலில் தண்ணீரை லேசாகத் தெளித்து, பிறகு சரிபாதி தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் ஒரு சொட்டு ஷாம்பு விட்டுச் சொட்டு மருந்துக் குழாயால் விட்டால் ஜல்லி கலையாமல் பிடித்துக்கொள்ளும். தண்டவாளம் மாறும் இடத்தில் மட்டும் பசை படக்கூடாது.

கடுகை வேறொன்றுக்கு வைத்துக்கொள்ளலாம். ஒன்றரை மில்லிமீட்டர் கடுகை 87ஆல் பெருக்கினால் 13 சென்டிமீட்டர். உரித்த தேங்காய்! பழுப்புச் சாயத்தில் புரட்டி வார்னிஷ் பூசிக் குவித்தால் தேங்காய் மண்டி தயார். மூன்று அடி நீள அரிசி மூட்டை ஒரு சென்டிமீட்டர். மலைவாழைத் தார் அதே அளவு. சிறுமலைத் தோட்டங்களிலிருந்து வாழையும் எலுமிச்சையும் சுமந்து இறங்கும் குதிரைகளை விட்டுவிடக்கூடாது. அதுதான் நமது மலையின் அடையாளம். ஒரு குதிரை ஒன்றரை சென்டிமீட்டர் உயரம். களிமண்ணிலோ எம்-சீலிலோ பிடிக்கலாம். இந்தக் குதிரை இல்லாவிட்டால் அது எந்த மலையாகவும் இருக்கலாம், இருந்தால் சிறுமலை.

புத்தம் புதிதாக மின்னும் மாடல் பொம்மையாகத்தான் தெரியும். தண்டவாளத்தின் பக்கவாட்டில் துருநிறம், எஞ்சின் நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறை, கொட்டகைச் சுவரில் மழைத் தாரை, ஓட்டில் இரண்டு மாறு நிற ஓடு. மஞ்சள் பலகையில் கறுப்பில் ஊர்ப்பெயர். அவ்வளவு போதும். குகை வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். நமது சமவெளிப் பாதையில் குகை ஏது? ரயில் மறைய வேண்டிய இடத்தில் சாலை மேம்பாலமோ, புளியந்தோப்போ, ஒரு பஞ்சாலைக் கிடங்கின் சுவரோ வைத்துக்கொள்ளலாம்.

இனி நாம் முன்பே சொன்ன காரணத்துக்கு வருவோம். 1875இல் திருச்சி மதுரைப் பாதை திறக்கப்பட்டபோது திண்டுக்கல்லுக்கு ரயில் வந்தது. ஒன்றரை நூற்றாண்டு. நமது முன்னோர்களின் புகையிலையும் பருத்தியும் தோலும் அதில்தான் போயின. மதுரைப் பாதை 1990களில் அகலமானது. பழனி பொள்ளாச்சி மீட்டர்கேஜ் பாதை 2010களில் அகலமானது. சில்லறைச் சரக்கை ரயிலில் புக் செய்து, ரசீதை பாங்கி மூலம் அனுப்பி, வந்த சரக்கை மாட்டு வண்டியில் ஏற்றிய வியாபார முறை லாரி வந்ததும் போய்விட்டது. கொட்டகை எங்கே இருந்தது, எடைமேடை எந்தப் பக்கம், வண்டிகள் எந்த வழியாக நுழைந்தன என்பதெல்லாம் இன்று சில பழைய கணக்குப்பிள்ளைகளின், சுமைதூக்கும் பெரியவர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது. அவர்களுக்கு வயதாகிவிட்டது. புத்தகம் எழுதச் சொன்னால் எழுதமாட்டார்கள். ஒரு மாடலை முன்னால் வைத்து, "கொட்டகை இங்கேதானே அண்ணாச்சி?" என்று கேட்டால், "இல்லை தம்பி, நாலடி தள்ளு" என்று தானாகப் பேச்சு வரும். அந்தப் பேச்சைக் குறித்துக்கொள்வதற்காகவே இதைச் செய்யலாம் என்கிறோம். பழைய கடைத் திறப்பு விழாப் படங்களின் பின்னணியையும் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வண்டியும் விளக்குக் கம்பமும் அதில்தான் இருக்கும்.

கடைக்கு முன்னால் வைத்தால் வியாபாரம் கூடுமா என்று கேட்பவர்கள் உண்டு. கூட்டம் கூடும். ஆனால் கல்லாவை மறைத்துக்கொண்டு நிற்கும். பொருட்காட்சி, சங்க ஆண்டு விழா, பள்ளி விழா இவற்றுக்குத்தான் இது ஏற்றது என்பது நமது கருத்து.

கண்காட்சியில் வைக்கும்போது பலகைகளை நான்கடி நீளத் துண்டுகளாகச் செய்து, போல்ட் போட்டு இணைப்பதே வழி. டெம்போவில் ஏறும், வாசலில் நுழையும். மேஜை மூன்றரை அடி உயரம் இருந்தால் பெரியவர்கள் நின்றபடி பார்க்க வசதியாக இருக்கும். குழந்தைகளுக்கு முன்னால் ஒரு நீளப் பலகை போட்டுவிட வேண்டும். ஒரு கை தூரத்தில் கயிறு. ஒருவர் சாதாரணமாக இரண்டு மூன்று நிமிஷம்தான் நிற்பார். அதற்குள் ரயில் ஒன்று வந்தாக வேண்டும். அதனால் பின்பலகைக்கு அப்பால் மூன்று நான்கு தடங்கள் போட்டு ரயில்களை ஒளித்து வைத்து, ஒன்று மறைந்ததும் அடுத்ததை விடுவார்கள். தண்டவாளத்தில் ஓடுவது 12 வோல்ட் மின்சாரம்தான், தொட்டால் ஆபத்தில்லை. ஆனால் அதைத் தரும் டிரான்ஸ்ஃபார்மருக்கு வரும் 230 வோல்ட் இணைப்பை எர்த்தோடும் ஃப்யூசோடும் தகுதியுள்ள எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். காலையிலும் மதியமும் தண்டவாளத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டால் எஞ்சின் திக்காமல் போகும். மின்வெட்டுக்குச் சின்ன யு.பி.எஸ். ஒன்று. பின்னால் ஒருவர் ஓட்ட, முன்னால் ஒருவர் நின்று பதில் சொல்ல வேண்டும். முன்னால் நிற்பவர் பழைய மண்டிக்காரராக இருந்தால் நல்லது.

விழா முடிந்து திரும்பக் கிடங்கில் வைக்கும்போது எஞ்சின்களைத் தனித்தனி அட்டைப்பெட்டியில் ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தோடு வைத்துப் பீரோவில் பூட்டுங்கள். பலகைகளைச் சாக்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்க வேண்டாம். எலிக்குத் தானியம் எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு பிடிக்கும், அடியில் ஓடும் ஒயரும்.