திவான்... திவால்... அப்புறம் உங்க எஜுகேஷன் லோன்!

பெசன்ட் நகர் பீச்சுக்கு வாரம் தவறாம ஆஜராகுற மக்களே, அந்த ஏரியாவுக்குப் பேர் கொடுத்த அன்னி பெசன்ட்டைத் தெரியும். 1916-ல் அவர் தொடங்கிய ஹோம்ரூல் இயக்கத்தில் கூட நின்ற மெட்ராஸ் வக்கீல் சர் சி.பி.ராமசாமி ஐயரைத் தெரியுமா? இவர் 1936-ல் திருவிதாங்கூர் திவான் ஆனார். ரெண்டே வருஷத்துல அங்கே ஒரு பெரிய பேங்க் திவால்!

பேங்க் பேர், டிராவன்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பேங்க். 1937-ல் ரெண்டு பேங்க்குகள் இணைந்து பிறந்தது. 1929-ல் ஆரம்பிச்ச உலகப் பெருமந்தத்தில் விளைபொருள் விலையெல்லாம் சரிஞ்சு, கடன் வாங்கினவங்க ஏற்கெனவே தள்ளாடிட்டு இருந்த காலம். அதோட அரசியலும் சேர்ந்தது. பேங்க்கை நடத்தியவர்களில் ஒருவர், 'மலையாள மனோரமா' ஆசிரியர் கே.சி.மாம்மன் மாப்பிள்ளை. அவருக்கும் திவானுக்கும் ஆகாது. வதந்தி பரவ, பணம் போட்டவங்க கவுன்ட்டருக்கு ஓடினாங்க. 1938 ஜூன்ல கதவு சாத்தியாச்சு. 'பழிவாங்கல்' என்றது பேங்க் தரப்பு. 'நிர்வாகக் கோளாறு' என்றது அரசு. மாப்பிள்ளைக்கு ஜெயில்.

இதுல நமக்கென்ன பாடம்?

ஒரு பையன் அரியர் வெச்சா, அது அவன் பிரச்னை. கொஸ்டீன் பேப்பரே அவுட் ஆஃப் சிலபஸ்னா? மொத்த கிளாஸும் காலி! கடனும் அப்படித்தான். நூறு பேர்ல ரெண்டு பேர் கட்டலைன்னா பேங்க் வட்டியிலயே சமாளிச்சுடும். பொருளாதாரமோ அரசியலோ அடிச்சா, நல்லா கட்டிட்டு இருந்தவங்களும் ஒண்ணா விழுவாங்க. பேங்க் பயந்துபோய் கடனை உடனே திருப்பிக் கேட்கும். வியாபாரி சரக்கை அடிமாட்டு விலைக்கு விற்பார். விலை இன்னும் இறங்கும். அடுத்தவர் அடகு வெச்ச சரக்குக்கும் மதிப்பு குறையும். நல்ல கடன், வாராக்கடன் ஆகுறது இப்படித்தான்.

இப்போ கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. 1962-லிருந்து டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு. 2020-லிருந்து அதன் வரம்பு 5 லட்சம் ரூபாய். கொரோனா வந்த 2020 மார்ச்சில், தவணை கட்ட அவகாசம் கொடுக்க பேங்க்குகளை ரிசர்வ் வங்கி அனுமதிச்சது. ஆகஸ்ட் வரை நீடிச்ச அது தள்ளுபடி இல்ல, தள்ளிவைப்பு. வட்டி மீட்டர் ஓடிட்டேதான் இருந்தது!

எஜுகேஷன் லோன் வாங்கின நண்பர்களே, உங்ககிட்ட அடமானம் நிலமோ நகையோ இல்ல. நாளைக்கு வாங்கப்போற சம்பளம். நீங்க டிகிரி முடிக்கிற வருஷம் மார்க்கெட் படுத்துட்டா, டாப்பரும் தவணை தவறலாம். அதனால கையெழுத்துக்கு முன்னாடியே மேனேஜர்கிட்ட மூணு கேள்வி கேட்டுடுங்க. படிப்பு முடிஞ்சு எத்தனை மாசம் டைம்? அதுவரை வட்டி எப்படி ஏறும்? வேலை கிடைக்க லேட்டானா தவணையை மாத்தித் தருவீங்களா?

கொசுறு: அப்பாவோட பேங்க் மூழ்கினப்போ கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை மெட்ராஸ்ல ஸ்டூடன்ட். 1946-ல் திருவொற்றியூர்ல பொம்மை பலூன் தயாரிக்க ஆரம்பிச்சார். அந்த பலூன் கம்பெனிதான் இன்னைக்கு எம்.ஆர்.எஃப்!