தலைக்கு மேலே ராட்சத கிரேன்கள்! மோதாமல் காக்கும் "மின்சாரக் கண்"

மண்ணச்சநல்லூர்,

மண்ணச்சநல்லூர் என்றாலே அரிசி ஆலைதான் நினைவுக்கு வரும். ஆனால், காலையில் டிபன் கேரியருடன் பஸ் ஏறுகிறவர்கள் எல்லாரும் அரிசி ஆலைக்குப் போகிறவர்கள் அல்ல. கொள்ளிடம் தாண்டி, திருச்சி நகரையும் தாண்டி, இரும்புப் பட்டறைகளுக்குப் போகிறவர்களும் உண்டு.

அங்கே அவர்கள் தலைக்கு மேலே ஓடுவது ராட்சத கிரேன்!

திருச்சிக்குக் கிரேன் புதிதல்ல. பொன்மலை ரெயில்வே பட்டறை 1928-ல் வந்தது. 1960-களில் திருவெறும்பூரில் பாய்லர் ஆலை வந்தது. பிறகு துவாக்குடி பக்கம் சின்னதும் பெரிதுமாகப் பட்டறைகள் முளைத்தன. டன் கணக்கான இரும்பைத் தூக்க கிரேன் இல்லாமல் முடியுமா?

5 வினாடியில் மோதல்

பெரிய கூடங்களில் ஒரே தண்டவாளத்தில் 2 கிரேன், 3 கிரேன் ஓடும். இங்கேதான் வில்லங்கம்!

டிரைவரின் கண் கொக்கியில் தொங்கும் பாரத்தின் மேல் இருக்கும். பக்கத்துக் கிரேன் நெருங்குவதைக் கவனிக்க நேரம் ஏது? "அண்ணே, நிறுத்து!" என்று கீழே இருப்பவர் கத்தினாலும் பட்டறைச் சத்தத்தில் காதில் விழாது.

நிமிடத்துக்கு 40 மீட்டர் ஓடும் கிரேன், ஒரு வினாடியில் 2 அடிக்கு மேல் கடந்து விடும். இரண்டும் எதிரும் புதிருமாக வந்தால், நடுவே உள்ள 20 அடி ஐந்தே வினாடியில் காலி!

மோதினால் கிரேன் மட்டுமா ஆடும்? தொங்குகிற பாரமும் ஊஞ்சல் போல வீசி அடிக்கும். கீழே நிற்பவர் கதி என்ன?

கிரேன் விஷயத்தில் விளையாட்டு கூடாது. 2020 ஆகஸ்டு 1-ந் தேதி விசாகப்பட்டினம் கப்பல் கட்டும் தளத்தில் புதுக் கிரேனைச் சோதனை பார்த்தபோது அது சரிந்து விழுந்தது. 11 பேர் பலியானார்கள். அது மோதல் அல்ல. ஆனாலும் கிரேன் விபத்து எத்தனை உயிரைக் குடிக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

எப்படி வேலை செய்கிறது?

மோதலைத் தடுக்க வந்ததுதான் "சென்சார்". ஒரு கிரேனில் ஒளிக்கதிர் அனுப்பும் கருவி. அடுத்ததில் அதைத் திருப்பி அனுப்பும் பிரதிபலிப்பான். கதிர் போய்த் திரும்புவதை வைத்து இடைவெளியைக் கருவி கண்டுபிடிக்கும்.

குறிப்பிட்ட தூரத்துக்குள் வந்தால் மணி அடிக்கும், வேகம் தானாகக் குறையும். இன்னும் நெருங்கினால் மோட்டாருக்குக் கரண்ட் நின்று பிரேக் விழும். பின்னால் போக மட்டும் வழி விடும்.

கருவி மாட்டினால் போதுமா?

போதாது! கண்ணாடியில் தூசி படிந்தால் சென்சாருக்குக் கண் தெரியாது. தவிட்டுத் தூசி பார்த்த மண்ணச்சநல்லூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கருவி கெட்டால் கிரேன் ஓடாமல் நிற்கும்படி வயரிங் இருக்க வேண்டும். அதுதான் சரியான அமைப்பு.

இன்னொரு ஆபத்து, சாவி. நீளமான பாரத்தை 2 கிரேன் சேர்ந்து தூக்கும்போது, அவை நெருங்கித்தான் ஆக வேண்டும். அப்போது சென்சாரைச் சாவி போட்டு அடக்கி வைப்பார்கள். வேலை முடிந்து திருப்பிப் போட மறந்தால் போச்சு!

எல்லாவற்றையும் விட முக்கியம்: எதிர்க் கிரேனைப் பார்க்கும் சென்சார், தண்டவாளத்தில் ரிப்பேர் பார்க்கும் ஆளைப் பார்க்காது. கிரேன் இடிக்கக்கூடிய இடத்தில் ஆள் வேலை செய்தால், 6 மீட்டருக்குள் அது நெருங்காமல் தடுக்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-வது பிரிவு சொன்னது. 6 மீட்டர் என்றால் அதே 20 அடிதான்!

ஆகவே மேலே ஏறுமுன் மெயினை அணைத்துப் பூட்டுப் போட வேண்டும். அந்தப் பூட்டின் சாவி, ஏறுகிற ஆளின் பையிலேயே இருக்க வேண்டும்.

ஷிப்டு தொடங்கும்போது கண்ணாடியைத் துடைத்து, கொக்கியில் பாரம் இல்லாமல் கிரேனை மெதுவாக நெருக்கி, சென்சார் நிறுத்துகிறதா என்று பார்க்க சில நிமிடம்தான் ஆகும். நிற்கவில்லையா? அன்றைக்கு அந்தக் கிரேனைத் தொடாதீர்கள்!