மாற்றப் பதிவேடும் நிரல் வரலாறும்

ஒரு மென்பொருளின் நிரல்வரிகளில் நேர்ந்த ஒவ்வொரு திருத்தத்தையும், திருத்தியவர் பெயரோடும் நாளோடும் வரிசை குலையாமல் காப்பது பதிப்புக் கட்டுப்பாடு. ஒரு வெளியீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே, பயன்படுத்துவோர்க்கு என்ன மாறிற்று என்பதைத் தேர்ந்து கூறுவது மாற்றப் பதிவேடு. முன்னது எதையும் விடலாகாது; பின்னதோ பெரும்பாலானவற்றை விட்டே ஆகவேண்டும்.

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசானும் ஆலை திறந்த திருப்பெரும்புதூர்த் தொழிற்பெருவழியில் இவ்வேறுபாடு வெறும் கோட்பாடு அன்று. இன்றைய மகிழுந்தில் பொறிக்கும் தடுப்புக்கும் காற்றுப்பைக்கும் தனித்தனி மின்னணுக் கட்டுப்பாட்டகங்கள் உண்டு. ஒவ்வொன்றும் தனக்கெனப் பதிப்பெண் கொண்ட மென்பொருளால் இயங்குகிறது. கதவுப்பூட்டின் நிரலில் செய்த ஒரு திருத்தத்தை, 'மின்னழுத்த எல்லை 9 வோல்ட்டிலிருந்து 8.5 ஆக்கப்பட்டது' என வரலாறு குறிப்பதாகக் கொள்வோம். எழுதியவர்க்கு அது போதும். பழுதுபார்க்கும் கூடத்தில் நிற்பவர்க்கோ, 'மின்கலம் தளர்ந்தபோது பூட்டு திறவாத பிழை நீங்கியது. புதுப்பித்தபின் திறவுகோலை ஊர்தியோடு மீண்டும் இணைத்தல் வேண்டும்' என்னும் வரியே வேண்டும். முதல் வரியிலிருந்து இரண்டாவதை எக்கருவியாலும் வடித்தெடுக்க இயலாது. திறவுகோல் பற்றிய செய்தி அங்கு இல்லவே இல்லை.

குனு திட்டத்தார் இவ்விரு தேவைகளையும் தொடக்கத்திலேயே பிரித்தறிந்து, நிரலர்க்குச் 'சேஞ்ச்லாக்', பயன்படுத்துவோர்க்கு 'நியூஸ்' என இரண்டு ஏடுகள் வகுத்தனர். அவர்தம் தொகுப்பியான ஜி.சி.சி., லினஸ் டோர்வால்ட்சு 2005இல் படைத்த கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு 2020இல் மாறியது. அவ்வாண்டிலேயே முதல் ஏட்டைக் கையால் எழுதும் வழக்கத்தை விடுத்து, திருத்தத்தை வரலாற்றில் சேர்க்கும் ஒவ்வொரு பதிகையின் குறிப்பிலிருந்தும் அதைத் தானே தொகுக்குமாறு ஒரு சிறுநிரலிடம் ஒப்படைத்தனர். வெளியீட்டு மாற்றங்களை விளக்கும் பக்கத்தை மட்டும் மாந்தரே எழுதி வருகின்றனர். இம்முடிவு முற்றிலும் சரியென்பேன்: வரலாற்றைப் படியெடுத்த ஏடே மிகையாயிற்று, விளக்கம் ஆகவில்லை.

ஊர்தித் துறையில் இத்தகைய விளக்கம் பல நாடுகளில் விருப்பத்துக்கு உரியதும் அன்று. ஐ.நா. ஐரோப்பியப் பொருளியல் ஆணையம் 2020இல் ஏற்ற 156ஆம் ஒழுங்குமுறை, ஒவ்வொரு மென்பொருள் புதுப்பிப்புக்கும் அதன் நோக்கம் யாது, எவ்வமைப்புகளை அல்லது செயல்பாடுகளை அது பாதிக்கக்கூடும், எவ்வூர்திகளுக்கு உரியது என்பவற்றை ஆலை எழுதிவைக்கப் பணிக்கிறது. ஆகவே பதிவேட்டை நிரலோடு ஒரே களஞ்சியத்தில் வைத்து, திருத்தியவரே, திருத்தத்தோடு சேர்த்து, ஒரே பதிகையில் பயன்படுத்துவோர்க்கான வரியையும் எழுதுவது நன்று. வெளியீட்டு நாளில் பழைய பதிகைகளைப் புரட்டத் தொடங்கினால், திறவுகோலை மீண்டும் இணைக்க வேண்டும் என்பதை அறிந்தவர் பெரும்பாலும் அன்று விடுப்பில் இருப்பார்.