தேர்தற் செலவும் குடியாட்சியும்

குடியாட்சியில் வாக்களிக்கும் உரிமை குடிமக்கள் யாவர்க்கும் உண்டு. வேட்பாளராக நிற்கும் உரிமையும் உண்டு. ஆயினும் நிற்பதற்காகும் செலவு தேர்தலுக்குத் தேர்தல் பெருகுமாயின், இரண்டாவது உரிமை ஏட்டளவில் நின்றுவிடும். அதனால் முதலாவதும் தேய்வுறும். ஏனெனில், பணத்தால் முன்னரே தெரிந்தெடுக்கப்பட்டவர்களுள் ஒருவரையே வாக்காளர் தெரிந்தெடுக்கிறார். இஃது எவ்வாறு நேர்கிறது என்பதை நம் நாட்டுத் தேர்தற் சட்டத்தைக் கொண்டு காண்போம்.

1951-52இல் நடைபெற்ற முதற் பொதுத்தேர்தலில் மக்களவை வேட்பாளர் செலவிடத்தக்க உச்சவரம்பு 25,000 ரூபாய். 2022இல் பெரிய மாநிலங்களில் அது 95 இலட்சமாக உயர்த்தப்பட்டது. விலைவாசி உயர்வும் வாக்காளர் பெருக்கமும் இதற்குக் காரணங்களே. ஆனால் வரம்பின் அளவைவிட, அதற்குள் அடங்காதது எது என்பதே நாம் கருதவேண்டியது.

1974இல் கன்வர்லால் குப்தா வழக்கில், வேட்பாளரின் தேர்தலுக்காகக் கட்சி செய்து, அவர் அறிந்து ஏற்றுக்கொண்ட செலவும் அவர் கணக்கைச் சேரும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, கட்சியும் பிறரும் செய்யும் செலவு கணக்கினின்று விலக்கப்பட்டது. 2003இல் இவ்விலக்கு குறுக்கப்பட்டது. எனினும் கட்சி குறித்தளிக்கும் தலைவர்களின் பயணச் செலவு வேட்பாளர் கணக்கில் சேராது. கட்சியின் மொத்தச் செலவுக்கோ வரம்பே இல்லை. வேலியின் ஒரு பக்கம் மட்டுமே அடைக்கப்பட்டுள்ளது.

இதன் விளைவுகள் மூன்று. முதலாவதாக, வேட்பாளரைத் தெரிந்தெடுக்கையில் தகுதியைவிடச் செலவிடும் ஆற்றல் முந்திக்கொள்கிறது. இரண்டாவதாக, பெருந்தொகை ஈந்தோருக்குக் கட்சி கடமைப்படுகிறது. ஈந்தவர் பெயரை மக்களுக்கு மறைத்த 2018ஆம் ஆண்டுத் தேர்தல் பத்திரத் திட்டம், வாக்காளரின் அறியும் உரிமைக்கு முரணானதென 2024 பிப்ரவரி 15இல் உச்சநீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. மூன்றாவதாக, வாக்காளரே விலைக்குரியவராக எண்ணப்படுகிறார். தமிழகத்தில் 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் சட்டமன்றத் தொகுதிகளிலும், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் பணத்தின் ஆதிக்கம் காரணமாகத் தேர்தல் நிறுத்தப்பட்டதை நாம் அறிவோம்.

வாக்குக்குப் பணம் பெறலாகாது என்று பிரசங்கபீடத்திலிருந்து நாம் எடுத்துரைப்பது தக்கதே. ஆயினும் ஏழை வாக்காளர் கையில் வந்துசேரும் சிறு தொகை நெடியதொரு சங்கிலியின் கடைசிக் கண்ணியே. சங்கிலியின் மறுமுனையில், ஈந்தவர் யார், எதற்காக ஈந்தார் என்று வினவாமல், கடைசிக் கண்ணியைப் பற்றியிருப்பவரை மட்டும் கடிந்துகொள்வோமாயின், நாம் கூறுவது பாதி உண்மையே ஆகும்.