தென்காசிக்கு மாறச் சொன்னால் கிளம்புவீர்களா? ஆபீஸில் வரும் மாற்றத்தை ஊழியர்கள் ஏன் எதிர்க்கிறார்கள்?

'அடுத்த மாதம் முதல் உங்கள் டீம் தென்காசி ஆபீஸில் இயங்கும்.' சென்னையில் இருக்கும் ஒரு டீமுக்கு இப்படி ஒரு மெயில் வந்தால் என்ன ஆகும்? கடையநல்லூர்க்காரர் ஒருவர் அன்றைக்கே அம்மாவுக்கு போன் போட்டுவிடுவார். பக்கத்து சீட்காரரின் மனைவிக்கு வேலை சென்னையில், மகளுக்கு ஸ்கூல் சென்னையில், போன வருஷம் வாங்கிய ஃபிளாட்டுக்கு இஎம்ஐ ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் அன்று ராத்திரியே லிங்க்ட்இனைத் திறப்பார். மெயில் ஒன்றுதான். ஒருத்தருக்கு அது சொந்த ஊர், இன்னொருத்தருக்கு டிரான்ஸ்ஃபர்.

நிர்வாகத்தின் கண்ணுக்கு முதல் ஆள் மாற்றத்துக்குத் தயாரானவர், இரண்டாவது ஆள் பிடிவாதக்காரர். உண்மையில் இரண்டு பேருமே கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். விடை வேறு வேறாக வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மத்தளம்பாறையில் என்ன நடந்தது?

இது வெறும் கற்பனை மெயில். ஆனால் தென்காசியில் சாஃப்ட்வேர் ஆபீஸ் இருப்பது நிஜம். 1996-ல் தொடங்கி, இன்று ஜோஹோ என்ற பெயரில் இயங்கும் நிறுவனம் 2011-ல் தென்காசியில் கிளை திறந்தது. குற்றாலத்து அருவிகளும் மேற்குத் தொடர்ச்சி மலையும் பக்கத்தில் இருக்கும் மத்தளம்பாறைதான் இடம். சீசனுக்குக் குளிக்க வருகிற ஊர்ப்பக்கம் கோடிங் எழுத ஆள் வருவார்களா என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் பலர் சிரித்திருப்பார்கள்.

ஒரேயடியாக மூட்டை கட்டச் சொல்லாமல் சிறிய குழுவோடு ஆரம்பித்தார்கள். ஆபீஸ் மெல்ல வளர்ந்தது. வாடிக்கையாளர் சேவைக்கான 'ஜோஹோ டெஸ்க்' என்ற மென்பொருள் தென்காசியில் உருவானதாக நிறுவனமே சொல்கிறது. இது முக்கியமான விஷயம். கிளை ஆபீஸ் என்றால் மிச்சம் மீதி வேலைதான் வரும், புரமோஷன் வராது, மேலே இருப்பவர்களுக்கு நம் முகமே மறந்துபோகும் என்பதுதான் ஊழியர்களின் வழக்கமான பயம். ஒரு முழு புராடக்ட் இங்கிருந்து வெளியே போகும்போது அந்தப் பயத்துக்கு வேலை குறைகிறது. 2019-ல் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அமெரிக்காவிலிருந்து இங்கேயே குடி வந்தார். முதலாளி ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு 'கிராமத்துக்குப் போங்க' என்று சொல்வதற்கும், அவரே வந்து குடியிருப்பதற்கும் இருக்கும் வித்தியாசத்தை எந்த ஹெச்ஆர் பிரசன்டேஷனாலும் நிரப்ப முடியாது.

இதை எல்லா கம்பெனியும் அப்படியே காப்பியடித்தால் எடுபடாது. சொந்த ஊருக்குப் பக்கத்தில் வேலை கிடைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் தென் மாவட்டங்களில் ஏராளம். அந்த ஆசை ஏற்கெனவே இருந்தது. பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைக்காமல் தீபாவளிக்கு நின்றுகொண்டே வந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கேட்டால் போதுமா?

இந்த விஷயத்தில் பழைய ஆய்வு ஒன்று இன்றும் பேசப்படுகிறது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஹார்வுட் என்ற பைஜாமா தொழிற்சாலை. வேலை செய்யும் முறையை மாற்ற வேண்டியிருந்தது. ஒரு குழுவிடம் 'இனி இப்படித்தான்' என்று அறிவித்தார்கள். இன்னொரு பக்கம், புதிய முறையைத் திட்டமிடுவதிலேயே தொழிலாளர்கள் எல்லோரையும் சேர்த்துக்கொண்டார்கள். அறிவிப்பு மட்டும் கேட்ட குழுவில் உற்பத்தி சரிந்து எழவே இல்லை. முதல் 40 நாளில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள். சேர்ந்து திட்டமிட்டவர்கள் சீக்கிரமே பழைய வேகத்தைப் பிடித்து, அதையும் 14 சதவீதம் அளவுக்குத் தாண்டினார்கள். லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் இருவரும் இதை 1948-ல் வெளியிட்டார்கள்.

ஆனால் 'கருத்துக் கேட்பு' என்று கூகுள் ஃபார்ம் அனுப்பிவிட்டு, ஏற்கெனவே எடுத்த முடிவை அடுத்த நாள் அறிவிப்பது இந்தக் கணக்கில் சேராது. அது ஊழியர்களுக்கு நன்றாகவே தெரியும்.

வங்கிக்குள் கம்ப்யூட்டர் வந்த கதை

எதிர்ப்பு என்றாலே முட்டுக்கட்டை என்று நினைப்பவர்கள் நம் வங்கிகளின் கதையைப் பார்க்க வேண்டும். பித்தளை டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு, பெரிய லெட்ஜரை கிளார்க் புரட்டி முடிக்கும்வரை காத்திருந்த காலம் அது. கம்ப்யூட்டர் வந்தால் வேலை போகும் என்று சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. 1983-ல் நிர்வாகங்களும் சங்கங்களும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டன. இயந்திரங்கள் எந்த அளவுக்கு வரலாம் என்பதில் வரம்பு வந்தது. இயந்திரத்தை இயக்குபவர்களுக்குத் தனி அலவன்ஸ் வந்தது. பத்து வருஷம் கழித்து 1993-ல் அடுத்த ஒப்பந்தம், இன்னும் விரிவாக.

இதில் தாமதம் இல்லையா? நிச்சயம் இருந்தது, அதன் விலையை வரிசையில் நின்ற வாடிக்கையாளர்கள் கொடுத்தார்கள். ஊழியர்களின் பயமும் பொய்யாகிவிடவில்லை. 2000-01-ல் பொதுத்துறை வங்கிகளிலிருந்து சுமார் 1 லட்சம் பேர் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். ஆனால் ஒரே ராத்திரியில் யாரும் தெருவுக்கு வரவில்லை. கையில் ஒரு தொகையோடு போனார்கள். பேரம் பேச ஆள் இருந்ததால் நடந்தது இது.

அப்படிப் பேச வழியில்லாதபோது என்ன ஆகும் என்பதை சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் பார்த்தோம். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், வேலை தனியாருக்குப் போவதை எதிர்த்து 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். வாங்குகிற சம்பளம் குறையும், பல வருஷம் உழைத்தும் நிரந்தரம் ஆக முடியாது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். அவர்கள் கேட்டது கையில் இருப்பது குறையக் கூடாது என்று. நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து போலீஸ் இரவோடு இரவாக அவர்களை அப்புறப்படுத்தியது.

சத்தமில்லாத எதிர்ப்பு

ஐடி ஆபீஸ்களில் கோஷம் கேட்காது. மீட்டிங்கில் 'எனி கொஸ்டின்ஸ்?' என்று கேட்டால் எல்லோரும் மியூட்டில் இருப்பார்கள். புது டூல் வந்து ஆறு மாசம் ஆகியிருக்கும், பழைய எக்ஸெல் ஷீட் மட்டும் யாரோ ஒருவர் லேப்டாப்பில் தினமும் அப்டேட் ஆகிக்கொண்டிருக்கும். வாரம் மூன்று நாள் ஆபீஸ் என்றால், கார்டைத் தேய்த்து ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்பும் கூட்டம் இருக்கும். முகத்துக்கு நேரே சண்டை போடுபவரைவிட இவர்களைத்தான் நிர்வாகம் கவனிக்க வேண்டும். சண்டை போடுபவர் இன்னும் இங்கேயே இருக்க நினைக்கிறார். 'சரி சார்' என்று மட்டும் சொல்பவரின் ரெஸ்யூமே ஏற்கெனவே வேறு எங்கோ போயிருக்கலாம்.