மேற்படியும் உறையின் எடையும்

அப்பா பத்திர எழுத்தர். சார் பதிவாளர் அலுவலக வாசலில் வேப்பமரத்தடியில் அவர் மேசை. 'நாமக்கல் மாவட்டம், சேந்தமங்கலம் வட்டம், இன்ன கிராமம், இன்ன சர்வே எண்' என்று ஒருமுறை முழுசாக எழுதுவார். அதற்குப் பிறகு பத்திரம் முடியும்வரை 'மேற்படி'தான். மேற்படி கிராமம், மேற்படி சொத்து, மேற்படியார். இல்லாவிட்டால் நாலு பக்கப் பத்திரம் ஒன்பது பக்கம் ஓடும். முத்திரைத்தாள் யார் வாங்குவது?

நான் சர்வர் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தபிறகுதான், வலைப்பக்கங்களைச் சுருக்கும் ஜிஜிப் நிரல் செய்வதும் இதே வேலை என்று புரிந்தது. யாகோவ் ஸிவ், ஏப்ரஹாம் லெம்பெல் என்ற இருவர் 1977-இல் வகுத்த முறை அதன் அடித்தளம். ஒரு சொல் முன்பே வந்திருந்தால் அதை மறுபடி எழுதாது; 'இத்தனை எழுத்து பின்னால் போய், இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்' என்று குறித்துவிடும். 32 கிலோபைட் தூரம் வரை திரும்பிப் பார்க்கும். சர்வர் பக்கத்தை இப்படிச் சுருக்கி அனுப்ப, உங்கள் பிரௌசர் விரித்துக் காட்டுகிறது.

போன வருடம் எங்கள் தளத்துக்குப் பாதுகாப்புத் தணிக்கை நடந்தது. கிராமத்துச் சேமிப்புக் குழுக்கள் கணக்குப் பார்க்கும் தளம் அது, முழுக்கத் தமிழ். அறிக்கையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி: பிரீச் தாக்குதலுக்கு இடமிருக்கிறது, சுருக்கத்தை நிறுத்தவும். மேலாளர் கேட்டது ஒரே கேள்விதான். "ஒரு வரி மாத்தினா போதுமாம்மா?" போதும் சார் என்றேன். அன்று ராத்திரியே நிறுத்திவிட்டேன்.

காலையில் கொல்லிமலையிலிருந்து போன். "அக்கா, பக்கம் வரவே மாட்டேங்குதுங்க. வட்டம் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு." பார்த்தால், 60 கிலோபைட்டாகப் போய்க்கொண்டிருந்த கணக்குப் பக்கம் 410-க்கு ஏறியிருந்தது. ஆபீசில் பைபர் இணைப்பில் சோதித்த எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. மலையில் ஒரு கோடு சிக்னலில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிந்தது.

நம் தளங்களுக்கு இதில் அடி கொஞ்சம் கூடுதல். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழுக்கு யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். 'தமிழ்' என்று எழுதினால் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என 5 குறி, 15 பைட். அந்த மூன்றில் முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறிக்கும் ஒன்றே. இரண்டாவது, இரண்டில் ஒன்று. அதாவது அப்பா பாஷையில், வரிக்கு வரி 'மேற்படி' போடக்கூடிய எழுத்து. சுருக்கம் இருந்தவரை இந்தச் சுமை வெளியே தெரியவே இல்லை.

அப்படியானால் தணிக்கைக்காரர் சொன்னது தப்பா? தப்பில்லை. பூட்டிய இணைப்பில் போகும் பக்கத்தை நடுவில் இருப்பவர் படிக்க முடியாது. ஒட்டிய உறை மாதிரி. ஆனால் உறையை எடை போடலாம். சுருக்கம் எடையைக் குறைக்கிறது, எவ்வளவு குறைகிறது என்பது உள்ளே இருப்பதைப் பொறுத்தது. ஜான் கெல்ஸி 2002-இலேயே ஒரு கட்டுரையில் இதைச் சுட்டிக்காட்டினார். பத்து வருடம் கழித்து, 2012-இல் ஜூலியானோ ரிஸ்ஸோவும் தாய் டுவாங்கும் 'கிரைம்' என்று பெயர் வைத்து நடத்தியே காட்டினார்கள். அப்போது மாட்டியது இணைப்பு மட்டத்துச் சுருக்கம். பிரௌசர்கள் அதைக் கைகழுவின, யாரும் வருந்தவில்லை. மறுவருடம் ஆகஸ்டில், லாஸ் வேகாஸில் நடந்த பிளாக் ஹாட் மாநாட்டில் ஏஞ்சலோ பிராடோ, நீல் ஹாரிஸ், யோயல் க்ளக் மூவரும் பக்கத்தின் உள்ளடக்கத்தைச் சுருக்குவதிலும் அதே ஓட்டை இருப்பதைக் காட்டினார்கள். அதுதான் பிரீச்.

வேலை நடப்பது இப்படி. நீங்கள் டீக்கடை வைஃபையில் இருக்கிறீர்கள். அதே வைஃபையில் இருக்கும் ஒருவன், நீங்கள் திறந்த வேறொரு பக்கத்தின் வழியாக உங்கள் பிரௌசரையே ஏவி, நீங்கள் உள்நுழைந்திருக்கும் தளத்துக்குத் தேடல் கோரிக்கைகளை அனுப்ப வைக்கிறான். தளம் 'நீங்கள் தேடிய சொல்' என்று அதைத் திருப்பி அச்சிடுகிறது. அதே பக்கத்தில், கோரிக்கை உங்களுடையதுதானா என்று தளம் சரிபார்க்கும் ரகசிய டோக்கனும் இருக்கிறது. அவன் 'டோக்கன்=அ' என்று தேட வைக்கிறான், அடுத்து 'டோக்கன்=ஆ'. எது சரியோ அதற்கு ஜிஜிப் 'மேற்படி' போட்டுவிடும்; உறை ஒரு பைட் இளைக்கும். முதல் எழுத்து கிடைத்தது. அடுத்தது.

16 குறிகளிலிருந்து எடுத்த 32 எழுத்து ரகசியத்தை மொத்தமாக ஊகிக்க 16-ஐ 32 முறை பெருக்கிய அளவு முயற்சி வேண்டும், பிரபஞ்சம் முடிந்துவிடும். ஒவ்வொரு எழுத்தாக என்றால் 16-ஐ 32-ஆல் பெருக்கினால் போதும், 512. நிஜத்தில் எடை அவ்வளவு துல்லியமாக ஆடாது, ஆயிரக்கணக்கில் கோரிக்கை போகும். ஆனாலும் நிமிடக் கணக்குதான். முதன்முதலில் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை, பொறாமைதான் வந்தது.

கவனித்தால், சுருக்கம், திருப்பி அச்சிடப்படும் சொல், ரகசியம் மூன்றும் ஒரே பக்கத்தில் கூடினால்தான் இது பலிக்கும். 2013-இல், வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோ மென்பொருளின் உருவாக்குநர்களே சுருக்கத்தை நிறுத்தச் சொல்லித்தான் அறிவுரை வெளியிட்டார்கள். அது முதலுதவி. 2016-இல் வந்த 1.10 பதிப்பில், ஒவ்வொரு முறையும் புதிய தற்செயல் எண்ணைக் கலந்து டோக்கனின் முகத்தையே மாற்றிவிட்டார்கள். ஒவ்வொரு உறையிலும் வேறு பெயர் இருந்தால் எதை வைத்து ஊகிப்பது? பிற தளம் ஏவும் கோரிக்கையோடு குக்கீ போகாமல் தடுக்கும் வசதியும் இப்போது பிரௌசர்களில் உண்டு. தணிக்கைப் பட்டியல்களில் மட்டும் 2013 அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

நான் மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். ஸ்டைல், ஸ்கிரிப்ட் கோப்புகளில் ரகசியம் ஏது? அவற்றுக்கு ஜிஜிப்பைத் திரும்பப் போட்டேன். பொதுப் பக்கங்களுக்கும் அப்படியே. கணக்குப் பக்கம் யார் சொல்லையும் திருப்பி அச்சிடுவதில்லை, அதன் டோக்கனும் முகமூடி போட்டது. அதற்கும் சுருக்கம் உண்டு. உறுப்பினர் தேடல் பக்கம் ஒன்றில் மட்டும் நிறுத்தினேன். அது சின்னப் பக்கம், மலையிலும் திறக்கிறது. இதையெல்லாம் இரண்டு பக்கத்துக்கு எழுதித் தணிக்கைக்காரருக்கு அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்.

இந்த வருட அறிக்கை போன வாரம் வந்தது. அதே சிவப்பு வரி. அவர்கள் ஓட்டும் கருவி முகப்புப் பக்கத்தில் ஜிஜிப் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. பதில் பெட்டியில் அப்பாவை நினைத்துக்கொண்டு தட்டினேன்: சென்ற ஆண்டுப் பதில் மேற்படி.