வீட்டிலேயே உப்பு பிஸ்கட்

கோங் குவான் பிஸ்கட் தகரத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சீனாவிலிருந்து வந்த சகோதரர்கள் இருவர் 1947-இல் சிங்கப்பூரில் தொடங்கிய நிறுவனம் அது. ஆலையில் செய்யும் உப்பு பிஸ்கட்டை நம் அடுப்படியிலும் செய்யலாம். தேக்காவில் கிடைக்கும் ஓமம் சேர்த்தால் நம் வீட்டு மணமும் வந்துவிடும்.

2 கோப்பை மைதா, 1 தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி ஓமம், 3 மேசைக்கரண்டி எண்ணெய் இவற்றைப் பிசறி, சிறுகச் சிறுக நீர் தெளித்துக் கெட்டியாகப் பிசையுங்கள். அரை மணி நேரம் மூடி வைத்தால் மாவு தளரும், தேய்க்கும்போது சுருங்காது. மெல்லியதாகத் தேய்த்து, சதுரமாக வெட்டி, முள்கரண்டியால் குத்துங்கள். ஏன் குத்த வேண்டும்? மாவிலுள்ள நீர் சூட்டில் ஆவியாகும். அது வெளியேற வழியில்லையேல் பூரிபோல் உப்பிவிடும்.

பேக்கிங் அடுப்பில் 200 டிகிரி சூட்டில் 12 முதல் 15 நிமிடம், பொன்னிறமாகும்வரை வையுங்கள். அது இல்லாதவர்கள் தோசைக்கல்லில் சிறுதீயில் இருபுறமும் சுடலாம். நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி நீராகி, பிஸ்கட் நமுத்துப்போகும்.

விடியலில் பால்மரம் வெட்டப் போகும் தாய், பள்ளிப் பிள்ளைக்கு இதை எடுத்து வைத்துவிட்டுப் போகலாம். விருந்தாளி வந்தாலும் கடைக்கு ஓடவேண்டாம். ஆனால் ஒன்று: இது நொறுக்குத் தீனிதான், காலைச் சாப்பாட்டுக்கு ஈடாகாது. கூடவே வேகவைத்த கடலையோ முட்டையோ கொடுங்கள்.